விரால் கழுவிய சாம்பல்

ஜூன் 8, ஞாயிறு

மிக்ஸி மறுபடியும் புகைந்தது. ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர் கடை கிடையாது என்று தெரிந்தும் அண்ணன் ஏகாம்பரம் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். வீட்டு வேலையிலிருந்து தப்பிக்க அவனுக்கு எதுவும் சாக்குதான். மசாலாவை நான் அம்மியில் அரைத்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது.

தேவகி அண்ணி மதியத்துக்கு மேல்தான் மார்க்கெட்டிலிருந்து வந்தார். காலையெல்லாம் ஊருக்கு மீன் வெட்டிய கை, வீட்டுக்கு வந்தும் மீனைத்தான் வெட்ட வேண்டும். இன்றைக்கு உயிர் விரால். பின்பக்கத்துக் கல்லில் போட்டு, பசுமைச் சாம்பல் பையிலிருந்து ஒரு கை அள்ளித் தேய்த்தார். விரால் வழுக்கும், சாம்பல் இல்லாமல் அதைப் பிடிக்கவே முடியாது. வழவழப்பு போனதும் புளித்தண்ணீரில் ஒரு அலசல், கல்லுப்பில் ஒரு தேய்ப்பு. அப்போதுதான் கவிச்சை போகும். நான் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணிக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வந்த பிள்ளை. மசக்கையில் ஒருத்தி மாங்காய் கேட்பாள், ஒருத்தி அடுப்புக்கரி கேட்பாள். அண்ணிக்குச் சாம்பல். புளியைச் சின்ன உருண்டையாக்கி, சாம்பலில் தொட்டு வாயில் போட்டுக்கொள்கிறார். இன்றைக்கும் உதட்டோரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"இன்னாடி இது, பொறக்கப் போறது புள்ளையா, சாமியாரா?" என்றான் அண்ணன்.

அண்ணி என்னைப் பார்த்தார். "ஏன் கோதை, இத்த தின்னா ஒண்ணும் ஆவாதில்ல?"

"நானே டெஸ்ட் பண்ணி பாஸ் போட்ட சாம்பல் அண்ணி. தின்னுங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். குழம்பு நன்றாக இருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் குறைவு.

ஜூன் 9, திங்கள்

கல்லூரியில் எங்கள் துறைத் தலைவர் நாச்சியப்பன் காலையிலேயே கூப்பிட்டார். இறுதி அறிக்கை அடுத்த மாதம் நாலாம் தேதிக்குள் வேண்டுமாம். ஏழாம் தேதி அமைச்சர் வந்து பசுமைச் சாம்பல் திட்டத்தை மாவட்டத்தின் எல்லா மார்க்கெட்டுக்கும் தொடங்கிவைக்கிறாராம். அறிக்கையில் சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர், சான்றளித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர். "பூங்கோதை, இதை நல்லபடியா முடிச்சுட்டா உன் காண்ட்ராக்டையும் நீட்டிச்சிடலாம்" என்றார். நாய்க்கு பிஸ்கட்டைக் காட்டுகிற மாதிரி.

எரிச்சல் வந்தால் நான் இந்த நோட்டில் எழுதித்தான் தீர்ப்பேன். ஆகவே எழுதுகிறேன். எங்கள் ஏரிப்பாளையத்தில் ஒரு குப்பை மலை இருந்தது. அதைக் கரைக்கிறோம் என்று ஏரிக்கரையில் குப்பை எரிக்கும் ஆலையை வைத்தார்கள். குப்பை போய்ச் சாம்பல் குவிந்தது. சாம்பலைக் கொட்ட இடம் இல்லை என்றதும் யாருக்கோ ஞானம் பிறந்தது. பையில் அடைத்து, மேலே ஒரு பச்சை இலையை அச்சடித்து, "பாத்திரம் துலக்க, மீன் கழுவ, செடிக்குப் போட" என்று எழுதி, மார்க்கெட்டுக்கு இலவசமாக அனுப்பிவிட்டார்கள். பையின் அடியில் எங்கள் துறையின் பெயரும் இருக்கிறது. நாம் போட்ட குப்பை, பேட்டரியும் பெயின்டும் ஒயரும் சேர்ந்து வெந்த குப்பை, நமக்கே திரும்பி வருகிறது.

என் வேலை, அந்தச் சாம்பலை மெல்லிய அமிலத்தில் போட்டு ஒரு நாள் குலுக்கி, ஈயம் எவ்வளவு கரைந்து வருகிறது என்று அளப்பது. குப்பைமேட்டில் மழை பெய்தால் நிலத்தடிக்கு எவ்வளவு இறங்கும் என்று பார்க்கிற சோதனை. இதுவரை எல்லாம் பாஸ். ஆனால் மாதிரியை நான் எடுப்பதில்லை. ஆலை மேலாளர் ரகோத்தமன் டப்பாவில் அடைத்து, லேபிள் ஒட்டி, வாசலில் வைத்துத் தருகிறார். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அலங்கரித்து உட்கார வைப்பது போலத்தான். "நானே உள்ளே வந்து எடுக்கிறேன்" என்றால், "பாதுகாப்புக் காரணம் மேடம்" என்கிறார். யாருடைய பாதுகாப்பு என்று கேட்டால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 12, வியாழன்

லிஃப்ட் ஓடவில்லை. மாதிரிப் பெட்டிகளை நானே மூன்று மாடி சுமந்தேன். மிக்ஸி இன்னும் வரவில்லை.

ஜூன் 14, சனி

லீவு போட்டுவிட்டு மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். ரகோத்தமன் தருவதை விட்டுவிட்டு, மக்கள் கையில் இருப்பதைச் சோதிக்கலாம் என்று தோன்றியது.

மீன் வெட்டும் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருப்பவர் கன்னியம்மா. அண்ணிக்கு அடுத்த கடை. பெரிய குரல், அதைவிடப் பெரிய கத்தி. "தேவகி நாத்தனாரா? வா, ஒக்காரு. நீ படிச்சவ, மீன் தண்ணி மேல படப் போவுது" என்று ஒரு கவிழ்த்த கூடையைத் தள்ளினார்.

முன்பெல்லாம் இட்லிக் கடை விறகடுப்பிலிருந்து சாம்பல் வாங்குவார்களாம். எல்லாக் கடையும் கேஸுக்கு மாறிய பிறகு சாம்பலுக்குத் திண்டாட்டம். ஆலைக்காரன் பை பையாகக் கொண்டுவந்து இறக்கியதும் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

"பவுடர் கணக்கா இருக்குது பாரு. மூஞ்சிக்குக்கூடப் பூசலாம்" என்று ஒரு பிடி அள்ளிக் காட்டினார்.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. ரகோத்தமன் டப்பாவில் தருவது கரகரவென்று இருக்கும். அது அடுப்பின் அடியில் விழும் சாம்பல். பையில் இருப்பது புகைபோக்கியின் வடிகட்டியில் படிகிற மெல்லிய தூசி. விஷமெல்லாம் ஒதுங்குகிற இடம் அதுதான். ஒன்றைக் காட்டிச் சான்று வாங்கி, இன்னொன்றை அடைத்து விற்கிறார்கள். விற்கக்கூட இல்லை, தானம் செய்கிறார்கள், அயோக்கியர்கள்.

"கையில உறை போட்டுக்கிட்டு வெட்டக் கூடாதா?" என்று கேட்டேன்.

"உறை போட்டா மீன் வழுக்கும். மீன் வழுக்கினா வெரலு போவும். வெரலு போனா நீ குடுப்பியா?" கடைவரிசையே சிரித்தது. வாயில் எப்போதும் துருப்பிடித்த ருசி என்றும், வயிறு இறுக்கிப் பிடிக்கிறது என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். வெற்றிலைதான் காரணம் என்று அவர்களே முடிவும் சொல்லிவிட்டார்கள்.

திறக்காத பை ஒன்றை வாங்கி வந்தேன். இந்த முறை ரகோத்தமன் மாட்டினார்.

ஜூன் 17, செவ்வாய்

மாட்டவில்லை. பைச் சாம்பலும் பாஸ்!

வெறி பிடித்துவிட்டது. ப்ராஜெக்டில் இல்லாத வேலை என்றாலும், சாம்பலை முழுக்கக் கரைத்து மொத்த ஈயம் எவ்வளவு என்று பார்த்தேன். ஏராளம். உள்ளே அவ்வளவு இருக்கிறது, சோதனையில் மட்டும் வெளியே வரமாட்டேன் என்கிறது. காரணம் இதுதான்: புகையைச் சுத்தம் செய்ய ஆலையில் சுண்ணாம்பு தூவுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பு சாம்பலோடு சேர்ந்து வருகிறது. நான் ஊற்றுகிற கொஞ்சம் அமிலத்தைச் சுண்ணாம்பு தின்றுவிடுகிறது; ஈயம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

நாச்சியப்பனிடம் சொன்னேன். "வெளிய வராத ஈயம் யாருக்கு என்ன செய்யும்? பூட்டின வீட்டுக்குள்ள இருக்கிற திருடன்" என்றார். பூட்டு எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடிக்காத போன்.

வீட்டுக்கு வந்து சாம்பல் பையைப் பின்பக்கத்திலிருந்து எடுத்துப் பரண்மேல் போட்டேன். வழியை அடைத்துக்கொண்டு இருக்கிறது, வேறொன்றுமில்லை.

ஜூன் 19, வியாழன்

நாளைக்கு வெள்ளிக்கிழமை. விளக்குத் தேய்க்க உட்கார்ந்தேன். புளியைக் கரைத்துவைத்துவிட்டுச் சாம்பலைத் தேடினால், அது பரண்மேல். ஏணி போட்டு ஏற அலுப்பு. அண்ணி, "இந்தா" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினார். முடிச்சில் இரண்டு பிடி சாம்பல் இருந்தது. மார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்.

கருத்த பித்தளையில் புளியும் சாம்பலும் பட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது. நுரை அடங்கியதும் விளக்கு தகதகவென்று ஆனது. இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் இன்றைக்கு அந்த நுரையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நுரைத்தது சுண்ணாம்பு. ஒரு பிடி சாம்பலுக்கு ஒரு கிண்ணம் புளி. சுண்ணாம்பு தீர்ந்த பிறகும் புளிப்பு மிச்சம் இருக்கும். பூட்டைத் திறக்க எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேர் கையிலும் சாவி இருக்கிறது.

அண்ணி உள்ளே போய்விட்டார். விளக்கில் பாதி தேய்க்காமல் கிடக்கிறது. நாளைக்குக் காலையில் ஆய்வகத்துக்குப் புளி எடுத்துப் போக வேண்டும். பழம்புளி, கொட்டை எடுத்தது.

ஜூன் 20, வெள்ளி

புளித்தண்ணீரில் சாம்பலைப் போட்டேன். மீன் கடையில் எவ்வளவுக்கு எவ்வளவு சேர்க்கிறார்களோ அதே அளவு. ஆய்வகம் முழுக்க ரச வாசனை. உதவியாளர் பலராமன் எட்டிப் பார்த்து, "மேடம், பெருங்காயம் வேணுமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

வந்துவிட்டது. வரம்பைப் போல் பல மடங்கு. கருவி கெட்டுப்போயிற்று என்று நினைத்துத் திரும்ப அளந்தேன். வேறு பையை வைத்து அளந்தேன். அண்ணி கொண்டுவந்த முடிச்சுச் சாம்பலை வைத்தும் அளந்தேன். எல்லாம் அப்படியே. புளிக்கு ஈயத்தைக் கரைப்பதில் அவ்வளவு கெட்டிக்காரத்தனம். ஏரிப்பாளையம் மார்க்கெட்டில் வெட்டுகிற ஒவ்வொரு விராலையும் கெளுத்தியையும் இந்தத் தண்ணீரில்தான் அலசித் தருகிறார்கள்.

எந்த மேதாவி "மீன் கழுவ" என்று பையில் அச்சடித்தான்? அவன் வீட்டில் மீனே சமைப்பதில்லையா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒரு பெண் மீன் கழுவுவதை நின்று பார்த்திருந்தால் போதும்!

வீட்டுக்கு ஓடிவந்து, அண்ணியின் முடிச்சில் மிச்சமிருந்த சாம்பலையும் கேட்டு வாங்கிப் பத்திரமாகக் கட்டி வைத்தேன். இனிமேல் சாம்பலைத் தொடவே கூடாது, வாயில் போடவே கூடாது என்றேன். அண்ணி என்னையே பார்த்தார். பிறகு ஒன்று சொன்னார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

நாச்சியப்பனிடம் முடிவுகளை வைத்தேன். ஒரு பக்கம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"புளி எந்த ஸ்டாண்டர்ட்ல இருக்கு?"

"எதுலயும் இல்ல சார். சமையல்கட்டுல இருக்கு."

"அரசாங்கம் நமக்கு ப்ராஜெக்ட் குடுத்தது ரசம் வைக்கிறதுக்கா? மழைத்தண்ணி மாதிரி அமிலம், குலுக்கு, அள, எழுது. அவ்வளவுதான் முறை. மீன் கழுவறதெல்லாம் நம்ம ஸ்கோப்ல இல்ல."

"பையிலயே 'மீன் கழுவ'ன்னு போட்டிருக்கு சார். அதுக்குக் கீழே நம்ம துறை பேரும் போட்டிருக்கு."

"அது மார்க்கெட்டிங். அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

"கர்ப்பிணிப் பொம்பளைங்க மசக்கையில சாம்பல் தின்பாங்க சார். உங்களுக்குத் தெரியாதா?"

"யார் தின்னச் சொன்னது?" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. புளிச் சோதனைப் பக்கத்தை மட்டும் உருவி என்னிடம் நீட்டினார். மீதியை வைத்துக்கொண்டார். "நாலாம் தேதி கையெழுத்துப் போடு. வேற பேச்சு வேண்டாம்."

இவரைப் போன்றவர்கள் கெட்டவர்கள்கூட இல்லை. கெட்டவனாக இருந்தால் பயப்படவாவது செய்வான். இவருக்கு வரம்புக்கு வெளியே இருப்பது எதுவும் உலகத்திலேயே இல்லை. யார் தின்னச் சொன்னது, யார் தின்னச் சொன்னது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் காதில் கேட்டுக்கொண்டே வந்தது.

ஜூன் 25, புதன்

அண்ணியை ரத்தப் பரிசோதனைக்கு நகரத்துக்கு அழைத்துப் போனேன். இங்கே ஈயம் பார்க்கிற வசதி இல்லை. அண்ணி பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பும்போது இளநீர் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். குடித்தார்.

மிக்ஸி வந்துவிட்டது. இப்போது மூடி பொருந்தவில்லை.

ஜூன் 28, சனி

ரத்தத்தில் ஈயம் அதிகம்.

டாக்டரம்மா நல்லவர். திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. சாம்பலை உடனே நிறுத்த வேண்டும், கொஞ்ச நாளைக்கு மார்க்கெட் பக்கமே போகக் கூடாது என்றார். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். "தாய் ரத்தத்துல இருக்கிறது பிள்ளைக்கும் போகும்மா. எவ்வளவு போயிருக்கு, என்ன பண்ணும்னு இப்ப சொல்ல முடியாது. பொறந்த பிறகுதான் தெரியும்."

அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கத்தினான். ஆலையைக் கொளுத்துகிறேன் என்றான். அது ஏற்கெனவே கொளுத்துகிற ஆலைதானே என்று யாரோ சொல்ல, அந்த ஆளை அடிக்கப் போனான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் உட்கார வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

மீன் இல்லை. கத்தரிக்காய்.

ஜூன் 30, திங்கள்

மார்க்கெட்டில் கன்னியம்மாவிடமும் மற்றவர்களிடமும் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அவர்கள் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டார்கள். கன்னியம்மா கத்தியைக் கீழே வைத்தார். பிறகு பேசியதில் பாதியை எழுத முடியாது. மீதி இது: "சும்மா குடுக்கிறானேன்னு சந்தோசமா வாங்கினோமே. சும்மா குடுக்கிறவன் இன்னாத்துக்குக் குடுக்கிறான்னு ஒருத்திக்கும் தோணலியே!"

எல்லோரும் பைகளைச் சேர்த்தார்கள். அண்ணன் ஐஸ் ஏற்றுகிற ஆட்டோவில் ஆலைக்குப் போனோம். ரகோத்தமன் கேட்டுக்கு உள்ளேயே நின்றார்.

"கேட்டைத் தாண்டிட்டா அது எங்க கழிவு இல்ல மேடம். ப்ராடக்ட். ப்ராடக்டைத் திருப்பி எடுக்க எங்ககிட்ட வழி கிடையாது."

"உன் ப்ராடக்ட்ல நீ சோறு பெசஞ்சு தின்னு பாக்கலாம்" என்றார் கன்னியம்மா. கேட் மூடிக்கொண்டது.

நகராட்சிக் குப்பை வண்டிக்காரரிடம் போனோம். "எரிச்ச சாம்பலத் திரும்ப எப்படிம்மா எரிக்கிறது?" என்று அவர் வருத்தத்தோடுதான் கேட்டார். ஒரு பெண், "மார்க்கெட்டுக்குப் பின்னாடி கால்வாயில தள்ளிட்டுப் போவோம்" என்றாள். நான் குறுக்கே நின்றேன். கால்வாய் ஏரிக்குப் போகிறது. ஏரியில்தான் விரால் இருக்கிறது.

"அங்க கொட்டாத, இங்க கொட்டாதன்னா எங்கதான் கொட்டறது?" கன்னியம்மா என் முகத்துக்கு நேராகக் கேட்டார். "படிச்சவதானே, சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. குப்பையைப் பற்றி இவ்வளவு வருஷம் படித்து, கடைசியில் ஒரு பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கன்னியம்மா பையைத் திருப்பி அடியில் இருந்த எழுத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்த பெண்ணைப் படிக்கச் சொன்னார். கல்லூரிப் பெயரை அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"இது யாரு எடம்?" என்று கேட்டார். சொன்னேன்.

ஜூலை 2, புதன்

இன்றைக்கு நடந்ததை நினைத்தால் வயிறு இன்னும் குளிர்ந்தே இருக்கிறது.

ஐஸ் ஆட்டோவும் இன்னும் இரண்டு மீன் வண்டிகளும் கல்லூரி வாசலில் வந்து நின்றன. மீன் வெட்டும் பெண்கள் ஆளுக்கொரு பையைத் தலையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினார்கள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. நாச்சியப்பன் மேஜையில் என் கையெழுத்துக்காக அறிக்கை விரித்துக் கிடந்தது. கதவைத் திறந்துகொண்டு கன்னியம்மா முதலில் நுழைந்தார்.

"என்ன இது, யார் நீங்க?" என்றார் நாச்சியப்பன்.

"பையில போட்டிருக்கிற பேரு உங்குளுது. உங்க பொருள உங்ககிட்ட குடுக்க வந்தோம்."

சோபாமேல் ஒன்று, அலமாரிக்கு முன்னால் ஒன்று, ஏசிக்குக் கீழே நான்கு. அறை நிறைந்ததும் வராந்தாவில். ஒரு பழைய பை தரையில் விழுந்து தையல் விட்டது. ஏசிக் காற்று அதை அள்ளி அறை முழுக்கத் தூவியது. கன்னியம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நிதானமாக வெளியே வந்தார். நாச்சியப்பன் ஓடிவந்தார். கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு, "தண்ணி, தண்ணி" என்று பலராமனைப் பார்த்துக் கத்தினார்.

"பாஸான சாம்பல்தானே சார்" என்றேன்.

கதவுக்கு வெளியே கடைசியாக அண்ணி நின்றிருந்தார். தூக்கக் கூடாத உடம்போடு மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார். கையில் பை இல்லை. நாச்சியப்பனை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. இறங்கிப் போய்விட்டார்.

ஜூலை 3, வியாழன்

நாச்சியப்பன் அறைக்குள் காலடி வைக்கவில்லை. நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு, பைகளை உடனே அகற்று என்று கட்டளை போட்டார். பலராமன், "எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது சார்" என்று கையைக் கட்டிக்கொண்டார். நகராட்சி வராது. ஆலை எடுக்காது. கடைசியில், ஆபத்தான கழிவுகளை மட்டும் எடுத்துப் போய்ப் பாதுகாப்பாகப் புதைக்கிற நிறுவனம் ஒன்றுக்கு அவரே போன் செய்தார். ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அபாயகரமான கழிவுன்னு நீங்க எழுதிக் குடுக்கணும் சார். அப்பதான் வண்டி வரும். சாதாரணச் சாம்பல்னா நாங்க தொட முடியாது."

"என் பெயர்லயா?"

"பொருள் எந்த இடத்துல இருக்கோ, அந்த இடத்துப் பொறுப்பாளர் சார். சோதனை முடிவையும் சேர்த்து வைக்கணும். வரம்பைத் தாண்டியிருக்கணும்."

போனை வைத்தார். "நீ எழுதிக் கையெழுத்துப் போடு."

"நான் காண்ட்ராக்ட் சார். பொறுப்பாளர் நீங்க."

மின்விசிறியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பாஸான அறிக்கை அவர் அறை மேஜைமேல் சாம்பல் படிந்து கிடக்கிறது. அதை வைத்தால் வண்டி வராது. வேறு எந்தத் தாளை வைப்பது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நானாகச் சொல்ல மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டேன்.

"அந்தப் புளிப் பக்கத்தைக் கொண்டா" என்றார்.

ஜூலை 4, வெள்ளி

வண்டி வந்தது. உடம்பு முழுக்க மூடிய ஆட்கள் பைகளை இறக்கிக்கொண்டு போனார்கள். "இது அபாயகரமான கழிவு" என்று நாச்சியப்பன் கையெழுத்தும் துறை முத்திரையும் போட்ட தாளின் நகல் இப்போது கன்னியம்மாவிடம், கலெக்டர் அலுவலகத்தில், இரண்டு பத்திரிகை நிருபர்களிடம் இருக்கிறது. அமைச்சர் நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டதாக மாலையில் செய்தி வந்தது. ரத்து என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. மார்க்கெட்டுக்குப் பை வருவது நின்றுவிட்டது.

என் காண்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. அதுவும் ஒரு தாளில்தான் வந்தது. போகட்டும். ரகோத்தமன் இன்னும் அதே கேட்டில்தான் நிற்கிறார். அந்தச் சாம்பலை இனிமேல் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்று எவரும் சொல்லவில்லை. வேறு ஊரில் வேறு இலையை அச்சடித்துக் கொடுப்பார்கள். நினைத்தாலே ரத்தம் கொதிக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

அண்ணன் விரால் வாங்கி வந்தான். அண்ணி பின்பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, தவிட்டில் புரட்டிக் கல்லுப்புப் போட்டுத் தேய்த்தார். தவிடு சரியாகப் பிடிப்புக் கொடுக்கவில்லை. ஒரு துள்ளலில் மீன் கையை விட்டுப் போய் வாசல்வரை ஓடியது. நான் ஈரத்துணியைப் போட்டு அமுக்கினேன். அண்ணியும் வந்து குனிந்தார். இரண்டு பேரும் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் பேசினார்.

"வாத்தியாரத் திட்டினே. ஆலைக்காரனத் திட்டினே. அன்னிக்கு நான் உன்ன ஒண்ணு கேட்டேனே, நெனப்பு இருக்குதா?"

"இருக்குது அண்ணி."

"இன்னா சொன்னே?"

"நானே டெஸ்ட் பண்ணி பாஸ் போட்ட சாம்பல், தின்னுங்கன்னு சொன்னேன்."

ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சொன்னேன். அன்றைக்கு முடிச்சை வாங்கும்போது அண்ணி சொன்னதும் இதைத்தான். எழுத வேண்டியதில்லை என்று அன்றைக்கு எழுதியிருக்கிறேன். யார் தின்னச் சொன்னது என்று நாச்சியப்பன் கேட்டபோது வாயடைத்து நின்றதையும் நாகரிகமாக "ஒன்றும் பேசவில்லை" என்று எழுதியிருக்கிறேன். இந்த நோட்டில் எல்லோரையும் திட்டியாயிற்று, என்னைத் தவிர. ஒருத்தி மீன் கழுவுவதை நின்று பார்த்திருந்தால் போதும் என்றும் எழுதியிருக்கிறேன். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்திலேயே, பசியோடு.

அழுகை வந்தது. அண்ணிக்கு வரவில்லை.

"அழுவாத. மீன வுட்டுடப் போறே" என்றார். பிறகு, "புள்ள பொறந்ததும் அதுக்கும் ரத்தம் எடுப்பாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல? அத்த நீதான் எடுத்தும்போயி, கூடவே நின்னு பாக்கணும். வேற யாரு எழுதிக் குடுத்தாலும் நான் நம்ப மாட்டேன்."

"நானா அண்ணி?"

"நீதான். எது வந்தாலும் வந்தபடி எங்கிட்ட சொல்லணும். பாஸுன்னு மட்டும் சொல்லாத."

சரி என்றேன். அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து கத்தி எடுக்க உள்ளே போனார். துணிக்குள் மீன் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் வரும்வரை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.